கொட்டிவிடக் கூடாத நீர்

அளவு கொடுத்துத் தைத்த ஜாக்கெட் ஒரு பக்கம் மட்டும் இறுக்குகிறது. பொங்கலுக்குப் போட்டபோது சரியாக இருந்த அதே ஜாக்கெட்தான். இப்போது கொக்கி மாட்டினால் இடது பக்கத் துணி மட்டும் இழுத்துப் பிடிக்கிறது. உடம்பு பூசியிருந்தால் இரண்டு பக்கமும் இறுக்கும், கையும் இறுக்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால், அதுவும் மார்பக இம்பிளான்ட் வைத்து ஐந்து, எட்டு, பத்து வருடம் ஆனபிறகு என்றால், தையல்காரரிடம் பிரித்துவிடச் சொல்லி அதோடு விட்டுவிடாதீர்கள்.

இந்த வீக்கத்துக்கு வீட்டில் காரணம் உடனே கிடைத்துவிடும். "குடம் தூக்கினே இல்ல, அதான்." "சூட்டு வீக்கம், இளநீர் குடி." ஏற்காட்டுத் தோட்டங்களில் என்றால் பழம் பறிக்கிற பருவத்தில் கூடையும் மூட்டையும் சுமந்ததில் தசை பிசகியது என்பார்கள். விளக்கெண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்ததில் ஒரு மாதம் போகும். அப்புறம் ஸ்கேன். "நீர்தான் கோத்திருக்கு அக்கா, எடுத்துவிட்டாச் சரியாயிடும்." ஊசி போட்டு உறிஞ்சுகிறார்கள், வீக்கம் வடிகிறது, ஜாக்கெட் சரியாகிறது. எடுத்த நீர் வாஷ்பேசினில் போகிறது.

சேலம், ஏற்காடு வட்டாரத்தில் மார்பக அறுவை செய்துகொண்டவர்களோடு ஸ்கேனுக்கும் லேபுக்கும் கூடப் போய்வருகிறவர்கள் நாங்கள். சொல்ல வந்தது அந்த நீரைப் பற்றித்தான்.

மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் இம்பிளான்ட்டை டெக்ஸ்சர்டு என்பார்கள். அதை வைத்துக்கொண்டவர்களில் மிகச் சிலருக்கு, இம்பிளான்ட்டைச் சுற்றி ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது. மருத்துவர்கள் பிஐஏ-ஏஎல்சிஎல் என்று எழுதுவது இதைத்தான். இது மார்பகப் புற்றுநோய் அல்ல. பால் சுரப்பித் திசுவில் தொடங்குவதில்லை, டி செல் என்கிற வெள்ளணுவில் தொடங்குகிறது. காப்பிப் பழத்தை விரலால் நசுக்கிப் பார்த்தவர்களுக்கு இடம் சட்டென்று விளங்கும். சிவப்புத் தோல், அடியில் கொழகொழப்பு, அதற்கும் உள்ளே கொட்டையை ஒட்டி விறைப்பான மெல்லிய தொலி, கடைசியில் கொட்டை. இம்பிளான்ட்தான் கொட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பொருள் ஒன்று உள்ளே வந்ததும் உடம்பு அதைச் சுற்றித் தானே ஒரு தழும்பு உறையைக் கட்டிக்கொள்ளும். கேப்ஸ்யூல் என்கிற அந்த உறைதான் தொலி. நோய் தொடங்குவது தொலியின் உட்புறத்தில், கொட்டைக்கும் தொலிக்கும் நடுவில். நீர் சேருவதும் அதே இடுக்கில்தான். ஆகவே நோயின் செல்கள் பெரும்பாலும் முதலில் அந்த நீரில்தான் மிதக்கின்றன. கையில் கட்டி தட்டுப்படுவதற்கு முன்பே நோயைப் பிடித்துவிடக்கூடிய இடம் அது. அதைத்தான் கொட்டிவிடுகிறோம்.

மருத்துவ இதழில் இப்படி ஒரு நோயாளி முதலில் பதிவானது 1997இல். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2011இல் இம்பிளான்ட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் தற்காலிகமாக ஒரு தனி நோயாக வகைப்படுத்தியது. 2019 ஜூலையில் எஃப்டிஏ வெளியிட்ட கணக்கில் உலகம் முழுக்க 573 நோயாளிகள், 33 மரணங்கள். அந்த 573 பேரில் 481 பேர் அலர்கன் நிறுவனத்தின் இம்பிளான்ட் வைத்தவர்கள். 2019 ஜூலை 24 அன்று அந்த நிறுவனம் பயோசெல் என்ற மேற்பரப்பு கொண்ட இம்பிளான்ட்களையும், தோலை விரிக்கச் சில மாதம் உள்ளே வைக்கும் டிஷ்யூ எக்ஸ்பாண்டர்களையும் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. பிரான்ஸ் அதற்கு மூன்று மாதம் முன்பே, ஏப்ரலில், அதிகச் சொரசொரப்பான வகைகளையும் பாலியூரித்தேன் நுரை போர்த்திய வகையையும் தடை செய்திருந்தது.

இந்த இடத்தில் ஒரு தவறான புரிதலை எடுத்துவிட வேண்டும். திரும்பப் பெற்றது கடையிலும் மருத்துவமனையிலும் இருந்த, இன்னும் யாருக்கும் வைக்காத சரக்கை. ஏற்கெனவே உள்ளே இருப்பதை எல்லாரும் எடுத்துவிட வேண்டும் என்று எஃப்டிஏ சொல்லவில்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கு எடுக்கப் பரிந்துரைக்கவில்லை என்றுதான் தெளிவாகச் சொன்னது. ஆபத்து எவ்வளவு என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. டெக்ஸ்சர்டு வைத்தவர்களில் 3,817 பேருக்கு ஒருவர் முதல் 30,000 பேருக்கு ஒருவர் வரை என்று அந்நாளில் எஃப்டிஏ மேற்கோள் காட்டியது. நியூயார்க்கின் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில், மார்பகத்தை எடுத்தபின் இம்பிளான்ட் வைத்த 3,546 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வில் 355 பேருக்கு ஒருவர் என்று வந்தது. கவனமாகவும் நீண்ட காலமும் தேடினால் எண் கூடுகிறது. புற்றுநோய்க்காக அறுவை செய்து, அந்த இடத்தில் இம்பிளான்ட் வைத்துக்கொண்டவர்கள் இரண்டாவது எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து.

எதற்காகச் சொரசொரப்பாகச் செய்தார்கள்? காரணம் இரண்டு. வழவழப்பான இம்பிளான்ட்டைச் சுற்றிய உறை சிலருக்கு இறுகி, மார்பு கல் மாதிரி ஆகிவிடும். சொரசொரப்பு இருந்தால் அது குறையும் என்பது கணக்கு. இன்னொன்று, துளி வடிவ இம்பிளான்ட் உள்ளே சுழன்றுவிட்டால் மார்பின் வடிவமே கோணலாகிவிடும். சுழலாமல் திசு பிடித்துக்கொள்ள வேண்டும். பயோசெல் மேற்பரப்பைச் செய்த முறை சமையலறையில் நிற்பவர்களுக்குப் புரியும். இன்னும் காயாத சிலிகான் தோலின்மேல் உப்புப் பரலைப் பதித்து, தோல் இறுகியதும் உப்பைக் கரைத்துக் கழுவிவிடுவார்கள். உப்பு இருந்த இடமெல்லாம் குழி. இம்பிளான்ட் மேற்பரப்புகளை வகைப்படுத்தும் 2018ஆம் ஆண்டு ஐஎஸ்ஓ தரத்தின்படி சராசரிச் சொரசொரப்பு 10 மைக்ரானுக்குக் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கீழ் என்றால் வழவழப்பு, 10 முதல் 50 வரை மைக்ரோ, 50க்கு மேல் மேக்ரோ. குழி பெருகினால் பரப்பளவு பெருகும், உரசல் பெருகும், பாக்டீரியா படலமாக ஒட்டிக்கொள்ள இடம் பெருகும். இதனால் வருடக்கணக்கில் ஓயாமல் நடக்கும் அழற்சியில் டி செல்கள் தடம் மாறுகின்றன என்பதுதான் இப்போதைக்கு அதிகம் பேரால் ஏற்கப்படும் விளக்கம்.

சரி, உள்ளே இருப்பது எந்த வகை? தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, யாராலும். தோலும் தசையும் உறையும் தாண்டி அந்தச் சொரசொரப்பு விரலுக்குத் தெரியாது. காகிதம்தான் சொல்லும். அறுவையன்று இம்பிளான்ட் பெட்டியிலிருந்து பிரித்த ஸ்டிக்கர் ஒன்றை நோயாளி அட்டையிலும் இன்னொன்றை கேஸ் ஷீட்டிலும் ஒட்டுவார்கள். அதில் நிறுவனத்தின் பெயர், மாடல் எண், எத்தனை சிசி, லாட் எண், சீரியல் எண் இருக்கும். பழைய அட்டையில் மெக்கன் என்றோ இனமெட் என்றோ இருந்தால் வேறு கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். அவை பின்னாளில் அலர்கனோடு சேர்ந்தவை. அலர்கனின் நட்ரெல் என்ற பெயரில் வந்தவற்றில் வழவழப்பும் உண்டு, பயோசெல்லும் உண்டு. ஆகவே மாடல் எண் வரை பார்க்க வேண்டும். 410 என்று இருந்தால் அது துளி வடிவம், பயோசெல். 110, 115, 120 என்ற ஸ்டைல்களும் திரும்பப் பெற்ற பட்டியலில் உள்ளவையே.

அட்டை தொலைந்துவிட்டதா? டாக்டர் அன்றைக்கு "துளி வடிவம்", "டியர் டிராப்", "அனாட்டமிக்கல்" என்று ஏதாவது சொன்னது நினைவிருந்தால், உங்களுடையது டெக்ஸ்சர்டு என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். துளி வடிவத்தில் வழவழப்பானது இல்லை என்றே சொல்லிவிடலாம். வட்ட வடிவம் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அடுத்தது, அறுவை செய்த இடத்துக்கு எழுத்தில் கேட்பது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். ஆனால் அதே விதிகள் ஆவணத்தை வைத்திருக்கச் சொல்லும் காலம் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 வருடம்தான். இந்த நோய் தலைகாட்டுவதோ சராசரியாக எட்டு முதல் பத்து வருடம் கழித்து. இந்த இடைவெளியில்தான் பலருடைய அட்டை காணாமல் போகிறது. கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ அறுவை செய்துகொண்டு சேலம் திரும்பியவர்கள், பத்து வருடம் கழித்துப் போனால் அந்த டாக்டர் வேறு ஊர் போயிருப்பார், ரெக்கார்டு அறையில் கைவிரிப்பார்கள். இப்போதே கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் நோட்ஸ் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மேற்பரப்பு விவரமும் ஸ்டிக்கரும் அதில்தான் இருக்கும்.

கிடைத்த ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். பசை காய்ந்தால் ஸ்டிக்கர் உதிர்ந்துவிடும். ஸ்கேன் சென்டரில் தரும் பளபளப்பான சின்னப் படச்சுருளைப் பத்திரம் என்று லேமினேட் செய்யாதீர்கள். அது வெப்பத்தில் அச்சாகும் தாள், மெஷினுக்குள் போனதும் முழுக்கக் கறுத்துவிடும். பத்து வருட ரிப்போர்ட்டை ஒரே நிமிடத்தில் இப்படி இழந்தவர்கள் உண்டு.

முன்பு டெக்ஸ்சர்டு வைத்திருந்து பிறகு வழவழப்பானதற்கு மாறியவர்கள் தப்பித்தோம் என்று விட்டுவிடக் கூடாது. மாற்றும்போது பழைய உறையை அப்படியே விட்டிருந்தால் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. அதேபோல, மார்பகத்தை எடுத்தபின் தோலை விரிக்கச் சில மாதம் உள்ளே வைத்திருந்த எக்ஸ்பாண்டர் டெக்ஸ்சர்டாக இருந்திருக்கலாம். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். "இப்ப ஸ்மூத்துதான் இருக்கு" என்ற ஒரு வரியோடு உங்கள் வரலாற்றை முடித்துவிடாதீர்கள்.

இனி வீக்கத்துக்கு வருவோம். கடைசி அறுவை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனபிறகு, அடிபடாமல், காய்ச்சல் இல்லாமல், ஒரு பக்கம் பெருக்கிறது. சில நாளிலும் நடக்கலாம், சில வாரத்திலும் நடக்கலாம். வலி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிலருக்குக் கட்டி தட்டுப்படும், சிலருக்கு அக்குளில் நெறி கட்டும், தோலில் தடிப்பு வரும், மிருதுவாக இருந்த மார்பு இறுகும். சிவந்து, சுட்டு, குளிர் காய்ச்சலும் இருந்தால் அது தொற்று. அன்று இரவே இறங்கி வந்து காட்டுங்கள், கடைசி பஸ் போய்விட்டாலும் வண்டி பிடித்து. காய்ச்சல் இல்லாத வீக்கத்துக்கு அந்த ஓட்டம் வேண்டாம். ஓரிரு வாரத்துக்குள், திட்டம் போட்டுப் போவதுதான் நல்லது. அவசரத்தில் ஊசி குத்தியவர்களின் நீர்தான் பெரும்பாலும் வீணாகிறது.

முதலில் அல்ட்ராசவுண்ட். மேமோகிராமில் இந்த நீர் சரியாகத் தெரியாது. ஸ்கேனில் ஐந்து, பத்து மில்லி நீர் மெல்லிய கோடாகத் தெரிந்தால் அது யாருக்கும் இருக்கக்கூடியது, பதற வேண்டாம். அதற்கு மேல் இருந்தால் எடுத்துப் பார்க்க வேண்டும். சீட்டு போடும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: ஸ்கேன் பார்த்துக்கொண்டே நீர் எடுப்பார்களா, அதைச் செய்கிற ரேடியாலஜிஸ்ட் எந்த நாளில் எத்தனை மணிக்கு இருப்பார். ஐந்து ரோடு பக்கம் ஒரு சென்டரில் ஸ்கேனும் இன்னொரு இடத்தில் ஊசியும் என்று அலைந்தால் இரண்டு நாள் போகும். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அது இரண்டு நாள் கூலி. தடவிப் பார்த்துக் கைக்கணக்கில் ஊசி குத்த விடாதீர்கள். இம்பிளான்ட்டில் ஊசி பட்டால் ஓட்டை விழும்.

ஊசிக்கு முன் ஸ்டீராய்டு வேண்டாம். வீக்கம் வடிய என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஒரு டெக்ஸா ஊசி, பிரட்னிசலோன் மாத்திரை என்று சுலபமாகக் கொடுத்துவிடுகிறார்கள். லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய்ச் செல்கள் ஸ்டீராய்டுக்குச் சுருங்கிச் சாகும். நோய் தீராது, பரிசோதனை மட்டும் குழம்பும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் போதும். ஆன்டிபயாட்டிக் விஷயத்திலும் ஒன்று உண்டு. மாத்திரை சாப்பிட்டுப் பார்ப்போம், வடியாவிட்டால் இன்னொரு கோர்ஸ், அப்புறம் பார்க்கலாம் என்று மூன்று மாதம் ஓட்டுவது நடக்கிறது. நீரை எடுத்து அனுப்பிவிட்டு மாத்திரையைத் தொடங்கினால் இரண்டும் கெடாது.

எடுக்கும்போது எவ்வளவு வருகிறதோ அவ்வளவையும் எடுக்கச் சொல்லுங்கள். 50 மில்லியாவது லேபுக்குப் போவது நல்லது. பத்து மில்லிதான் வந்தது என்றாலும் அனுப்ப வேண்டும். முதல் முறை எடுக்கும் நீரில்தான் செல்கள் நிறைய இருக்கும். வடித்துவிட்டு மறுபடி சேர்ந்தால் இரண்டாவது, மூன்றாவது முறைகளில் நீர்த்துப்போகும். அப்போது "ஒன்றுமில்லை" என்று வரும் ரிப்போர்ட்டை முழுதாக நம்ப முடியாது.

நீரை மூன்றாகப் பிரிக்க வேண்டும். பெரும்பங்கு சைட்டாலஜிக்கும் (செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பது) செல் பிளாக்குக்கும். செல் பிளாக் என்றால் நீரைச் சுழற்றிச் செல்களை அடியில் திரட்டி மெழுகுக் கட்டியாக்குவது. செல்லின் மேலிருக்கும் சிடி30 என்ற புரதத்தைக் காட்டும் சாயப் பரிசோதனையை அதில்தான் செய்வார்கள். இன்னொரு பங்கு, செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓடவிட்டு வகை பிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு. இதில் ஃபார்மலின் ஒரு துளியும் படக் கூடாது, செல்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். கொஞ்சம் கல்ச்சருக்கு, காசநோய்ப் பரிசோதனையும் சேர்த்து. நம் ஊரில் காசநோயைத் தேடாமல் எந்த நாள்பட்ட நீரையும் முடிவு செய்யக் கூடாது. வழக்கமாக நடக்கும் தவறு, பழக்கதோஷத்தில் மொத்த நீரையும் ஃபார்மலின் டப்பாவில் ஊற்றிவிடுவது. அதற்குப் பிறகு ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்யவே முடியாது. ஆகவே ஊசிக்கு முந்தின நாளே லேபுக்குப் போன் போட்டு எந்தக் குழாயில் எத்தனை மில்லி வேண்டும், எந்தக் குழாயை அவர்களே தருவார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

லேபுக்குப் போகும் படிவத்தில் எழுதுவது பாதி நோயறிதல். "மார்பிலிருந்து எடுத்த நீர்" என்று மட்டும் போனால், நுண்ணோக்கியில் பார்ப்பவர் மார்பகப் புற்றுநோய்ச் செல்களைத் தேடுவார், இல்லை என்பார். அவர் சொன்னது சரியாகவே இருக்கும், கேள்விதான் தவறு. மார்பகப் புற்றுக்குச் செய்யும் இஆர், பிஆர், ஹெர்2 சோதனைகள் இந்த நோயைக் காட்டாது. படிவத்தில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எந்தப் பக்கம், இம்பிளான்ட் வைத்த வருடம், டெக்ஸ்சர்டா அல்லது வகை தெரியாதா, கடைசியாக "பிஐஏ-ஏஎல்சிஎல் சந்தேகம், சிடி30 பார்க்கவும்" என்ற வரி. டாக்டரிடம் நேரே கேட்கத் தயங்காதீர்கள்: "டாக்டர், இந்த நீரைக் கொட்ட வேண்டாம், சிடி30க்கு அனுப்புங்க." இந்த நோயை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காத நல்ல மருத்துவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவ்வளவு அரிது. சொன்னால் உடனே செய்துவிடுவார்கள்.

சேலத்தில் எல்லா லேபிலும் எல்லாச் சோதனையும் நடக்காது. வேலூருக்கோ சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ அனுப்புவார்கள். அதனால் ஊசியைத் திங்கள், செவ்வாய், புதனில் வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த நீர் சனிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்து, ஞாயிறு முழுக்க யாரும் தொடாமல் கிடக்கும். சித்திரை வெயிலில் கூரியர் வண்டிக்குள் கிடந்தால் செல்கள் அழுகிப்போகும். குளிர்ப்பெட்டியில், ஐஸ் பேக்குக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு துணி மடித்து வைத்து, அன்றே அனுப்ப வேண்டும். ஓர் இரவு தாமதமானால் ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டில் வைக்கலாம். ஃப்ரீசரில் வைத்தால் செல்கள் உடைந்துவிடும். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கான குழாயை மட்டும் அந்த லேப் சொல்கிற வெப்பநிலையில் வையுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் சிடி30 என்ற சொல்லைத் தேடி, "பாசிட்டிவ்" என்று கண்டதும் இடிந்துபோக வேண்டாம். சாதாரண அழற்சியிலும் தூண்டப்பட்ட சில வெள்ளணுக்கள் சிடி30 காட்டும். உருவம் சிதைந்த பெரிய செல்கள், அவை எல்லாமே அடர்த்தியாகச் சிடி30, கூடவே ஏஎல்கே என்ற இன்னொரு புரதம் நெகட்டிவ், ஒரே மூலத்திலிருந்து வந்த டி செல்கள் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் நோய் உறுதி. சந்தேகமாக எழுதியிருந்தால் ஸ்லைடுகளையும் செல் பிளாக்கையும் கேட்டு வாங்கி, லிம்ஃபோமா பார்த்துப் பழகிய நோய்க்குறியியல் துறைக்கு இரண்டாம் கருத்துக்குக் கொண்டுபோகலாம். கேட்டால் பொதுவாகத் தருவார்கள். நோய் இல்லை என்று வந்து, மூன்று மாதத்தில் நீர் மறுபடி சேர்ந்தால், முதலில் செய்த அத்தனையையும் திரும்பச் செய்ய வேண்டும். போனமுறை இல்லை என்று வந்தது இந்த முறைக்குச் செல்லாது.

நோய் உறுதியானால், அது எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க அறுவைக்கு முன் பெட் ஸ்கேன். பிறகு இம்பிளான்ட்டையும் அதைச் சுற்றிய உறையையும் முழுதாக, கட்டி இருந்தால் அதையும் சேர்த்து எடுப்பது. கஷ்டமான பகுதி உறையின் பின்சுவர். அது விலா எலும்புமேல் ஒட்டிக்கொண்டிருக்கும், உரித்தெடுக்கும்போது நுரையீரல் உறையில் ஓட்டை விழும் அபாயம் உண்டு. அதற்குப் பயந்து பின்சுவரை விட்டுவிட்டு இம்பிளான்ட்டை மட்டும் எடுத்தால் நோயை உள்ளே விட்டுத் தைத்ததாக ஆகும். அதனால் இந்த அறுவையை முன்பு செய்திருக்கிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை. எடுத்த உறையில் மேல், கீழ், முன், பின் எது என்று தையலால் அடையாளம் வைத்து அனுப்ப வேண்டும். ஓரத்தில் நோய் மிச்சம் என்று வந்தால் எந்த ஓரம் என்று அப்போதுதான் தெரியும். நூற்றில் சிலருக்கு மறுபக்கத்திலும் நோய் இருப்பதால் இரண்டு பக்கமும் எடுப்பதே பெரும்பாலும் பரிந்துரை. உறைக்குள் அடங்கியிருக்கும்போது பிடித்துவிட்டால் பெரும்பாலோருக்கு இந்த அறுவையே முழுச் சிகிச்சை, கீமோ தேவைப்படாது. பரவிவிட்டால்தான் கீமோவும் சிடி30ஐக் குறிவைக்கும் பிரென்டக்சிமாப் மருந்தும். நீரை வீணாக்காதீர்கள் என்று இத்தனை தடவை சொல்வது இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

வீக்கம் ஒன்றும் இல்லை, ஆனால் டெக்ஸ்சர்டு உள்ளே இருப்பது தெரியும், பயமாக இருக்கிறது என்பவர்கள் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. மயக்க மருந்து, ரத்தக் கசிவு, நுரையீரல் உறை என்று அந்த அறுவைக்கும் ஆபத்து உண்டு. எடுத்தால்தான் தூக்கம் வரும் என்றால் அதுவும் நியாயமான காரணமே, டாக்டரோடு நிதானமாகப் பேசி முடிவெடுக்கலாம். "விஷத்தை இறக்குகிறோம்" என்று பவுடரும் சாறும் விற்பவர்களிடம் மட்டும் பணத்தைக் கொடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை, குளித்து முடித்துக் கண்ணாடி முன் நின்று, கைகளைத் தூக்கி இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே அளவு ஜாக்கெட் ஒன்றை அளவுக்கென்றே மாற்றாமல் வைத்திருப்பதும் உதவும். சிலிகான் ஜெல் இம்பிளான்ட் சத்தமில்லாமல் உள்ளேயே கிழியக்கூடியது. அறிகுறி இல்லாவிட்டாலும் வைத்த 5, 6 வருடத்தில் ஓர் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறை என்பது எஃப்டிஏயின் பரிந்துரை. மலைக்கு ஏறினால் வெடிக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரம் இம்பிளான்ட்டை ஒன்றும் செய்யாது. இருபது கொண்டை ஊசி வளைவும் தாராளமாக ஏறலாம்.

வழவழப்பான வகை வைத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவான பிஐஏ-ஏஎல்சிஎல் நோயாளிகளில் வகை தெரிந்தவர்கள் பெரும்பாலும் எப்போதாவது டெக்ஸ்சர்டு வைத்திருந்தவர்கள்தான். ஆனால் உறையில் ஸ்குவாமஸ் செல் என்ற இன்னொரு வகைப் புற்றுநோய் வருவது பற்றி எஃப்டிஏ 2022இல் எச்சரித்தது, 2023 மார்ச்சில் 19 பேர் என்றது. மிக அரிது, ஆனால் வழவழப்பு, சொரசொரப்பு இரண்டிலும் வந்திருக்கிறது. அதனால் எந்த வகையானாலும் தாமதமாக வரும் வீக்கத்தின் நீர் லேபுக்குப் போக வேண்டும்.

இனிமேல்தான் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் வழவழப்பானதைக் கேளுங்கள், எக்ஸ்பாண்டரும் சேர்த்து. வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தத் திசுவை எடுத்து மார்பை உருவாக்கும் முறை உண்டு. அறுவை நீளம், தழும்பு அதிகம், ஆனால் உறையும் இல்லை, இந்த நோயும் இல்லை. ஒன்றுமே வைக்காமல் பிராவுக்குள் செயற்கை மார்பை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் நிறைய.

வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள். அழகுக்காக வைத்தது மாமியாருக்குத் தெரியக் கூடாது, நாத்தனாருக்குத் தெரியக் கூடாது என்று பீரோவில் பூட்டி வைத்த ஃபைலைத் தேவைப்படும் நாளில் எடுத்து வர ஆள் இருக்காது. எதற்காக வைத்தீர்கள் என்பது நோய்க்குத் தெரியாது, டாக்டர் கேட்கவும் தேவையில்லை. திருநங்கைகளுக்கும் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. ஆண் என்று பதிந்த சீட்டோடு மார்பு நீர் லேபுக்குப் போய் அங்கே குழம்பி, கேள்விகளில் நாள் கடந்துவிடலாம். படிவத்தில் இம்பிளான்ட் என்ற சொல் பெரிதாக இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

இம்பிளான்ட்டை எடுக்க நேர்ந்தால், அதைக் குப்பைக்கு அனுப்பும் முன் இரண்டு பக்கமும் படம் எடுத்துத் தரச் சொல்லிவையுங்கள். அடிப்புறத்தில் நிறுவனத்தின் பெயரும் அளவும் பொறித்திருக்கும். அட்டையைத் தொலைத்தவர்களுக்கு அதுதான் கடைசிச் சாட்சி. அந்தப் படத்தையும் லேப் ரிப்போர்ட்டையும் வைத்து, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் 2015 முதல் நடத்திவரும் மருத்துவக் கருவிகள் கண்காணிப்புத் திட்டத்துக்குப் புகார் படிவம் அனுப்பலாம். மருத்துவமனை அனுப்பும் என்று காத்திருக்க வேண்டாம். நோயாளியே அனுப்பலாம், குடும்பத்தாரும் அனுப்பலாம்.